பல்கலைக்கழக ஆசிரியரின் அறிவு யாரிடம் போய்ச் சேருகிறது?

முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அறிவு மேலாண்மை, அதாவது ஒருவருக்குத் தெரிந்ததைச் சேமித்து மற்றவர்களுக்கும் பயன்பட வைக்கிற ஏற்பாடு, பல்கலைக்கழக ஆசிரியர்களின் செயல்திறனை உயர்த்துகிறது என்று நிறையக் கட்டுரைகள் சொல்கின்றன. எப்படி உயர்த்துகிறது என்று எதிலும் தெளிவாக இல்லை. நிஜமாகவே பலன் உண்டா, அல்லது நிர்வாகத்தார் பிடித்துக்கொண்ட இன்னொரு சொல்லா?"

பலன் உண்டு. ஆனால் அது வருகிற வழி, கட்டுரைகளில் கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துக் காட்டுகிற வழி இல்லை. ஓர் ஆசிரியர் இந்த செமஸ்டரில் வகுப்பறையில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று, அடுத்த முறை அதே பாடத்தை எடுக்கப்போகிறவருக்கு, அவர் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே போய்ச் சேருகிறதா? என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. சேர்ந்தால் செயல்திறன் உயரும். சேராவிட்டால் எவ்வளவு விலைகொடுத்து மென்பொருள் வாங்கினாலும் கோப்புகள் பெருகும், அவ்வளவுதான்.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். புள்ளியியல் அறிமுகப் பாடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் உள்ள வேறுபாடு. தனித்தனி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது முதலாவது, அவற்றிலிருந்து எடுக்கும் சராசரிகள் எவ்வளவு சிதறும் என்பது இரண்டாவது. சூத்திரம் இரண்டும் மனப்பாடமாக இருக்கும், எது எதற்கு என்பது மட்டும் பிடிபடாது. அந்தப் பாடத்தைப் பல வருடம் எடுத்த மூத்த பேராசிரியை ஒருவர் இதற்கென்றே ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே துண்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு சீட்டை எடுத்து, அந்த எண்ணைக் கரும்பலகையின் இடது பக்கக் கோட்டில் ஒரு புள்ளியாக வைத்துவிட்டுச் சீட்டைத் திரும்பப் பெட்டியில் போட வேண்டும். அடுத்த சுற்றில் ஐந்து சீட்டு எடுத்து, சராசரி போட்டு, அதை வலது பக்கக் கோட்டில் வைக்க வேண்டும். கடைசி மாணவர் உட்காரும்போது இடது பக்கத்தில் புள்ளிகள் பலகை நீளத்துக்கும் இறைந்து கிடக்கும். வலது பக்கத்தில் நடுவில் முண்டியடித்து நிற்கும். "பெட்டி ஒன்றுதானே, அப்புறம் இது மட்டும் ஏன் இவ்வளவு ஒல்லி?" என்று கேட்பார். வகுப்பு ஒரு நிமிடம் முழிக்கும். சூத்திரம் அதற்குப் பிறகுதான் பலகைக்கு வரும்.

அவர் ஓய்வு பெற்றார். பாடம் இளம் ஆசிரியர் ஒருவருக்குப் போனது. முறைப்படி எல்லாம் ஒப்படைக்கப்பட்டது: ஸ்லைடுகள், பழைய வினாத்தாள்கள், பயிற்சிக் கணக்குகள், எல்லாமே துறையின் பொதுக் கோப்புறையில் ஏறின. அந்த ஸ்லைடுகளில் ஒன்றில் "செயல்பாடு – 20 நிமிடம்" என்று மட்டும் இருந்தது. கணக்குப் போட விடுகிற நேரம் என்று புதியவர் நினைத்து இரண்டு கணக்கைக் கொடுத்துவிட்டார். தேர்வில் பழைய குழப்பம் அப்படியே திரும்பி வந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் யோசித்துவிட்டு அந்த அம்மாவுக்கே போன் போட்டார்.

"மேடம், அந்த இருபது நிமிஷத்துல நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

அவர் சிரித்துவிட்டு, "பெட்டி என் பீரோ மேல இருக்கு, வந்து எடுத்துக்கோப்பா" என்றாராம். கூடவே இரண்டு குறிப்பும் கொடுத்திருக்கிறார். ஐந்து சீட்டுக்கு மேல் போகாதே, சராசரி போடுவதிலேயே வகுப்பு முடிந்துவிடும். எண்களை எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்ணாக வைக்காதே, ஒன்றிரண்டு முரட்டு எண் கிடந்தால்தான் இடது பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சிதறும்.

நிர்வாகத்தின் கணக்குப்படி அங்கே அறிவுப் பகிர்வு நூறு சதவீதம் நடந்து முடிந்திருந்தது. கோப்புகள் அத்தனையும் கைமாறியிருந்தன. கைமாறாமல் போனது அறிவு மட்டும்தான். அது பீரோ மேல் இருந்தது.

இதற்கு அறிவு மேலாண்மை நூல்களில் பெயர் இருக்கிறது. வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்திருப்பது அதிகம் என்று 1966இல் எழுதினார். சொல்லில் அடங்கும் அறிவு, சொல்லில் அடங்காத அறிவு என்ற பிரிவு அங்கிருந்து வருகிறது. ஜப்பானியரான நொனாகாவும் தாகேயுச்சியும் 1995இல் இதை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனார்கள். கூடவே இருந்து பழகுவது, பழகியதைச் சொல்லாக்குவது, சொல்லானவற்றை ஒன்றுசேர்ப்பது, சேர்த்ததைத் திரும்பவும் கைப்பழக்கமாக்குவது என்று அறிவு நான்கு வகையாக மாறிச் சுற்றிவருகிறது என்றார்கள். உங்கள் ஆய்வில் இந்தச் சுழற்சியைக் கட்டாயம் மேற்கோள் காட்டச் சொல்வார்கள், காட்டிவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் இதில் மூன்றாவது படியை மட்டும் செய்துவிட்டு முழுச் சுற்றும் முடிந்ததாக நினைத்துக்கொள்கின்றன என்பதுதான் என் குறை. இருக்கிற கோப்புகளை ஒரே இடத்தில் சேர்ப்பார்கள். அதற்கு முன்னால் பேசிப் பழகுவதும், பின்னால் பயன்படுத்திப் பார்ப்பதும் யாருடைய வேலையும் இல்லை.

சரி, எந்த அறிவைப் பற்றிப் பேசுகிறோம்? பாடப்பொருள் அறிவு இதில் பெரிய சிக்கல் இல்லை. புள்ளியியல் தெரிந்தவரைத்தான் புள்ளியியல் எடுக்க வைப்பார்கள். அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் வேறொன்றைப் பிரித்துக் காட்டினார். ஒரு பாடப்பொருளைக் கற்பிப்பதற்கென்றே இருக்கும் அறிவு அது: மாணவர்கள் எந்த இடத்தில் வழுக்குவார்கள், எந்த எடுத்துக்காட்டு எடுபடும், எது புரிந்த மாதிரி காட்டிவிட்டுத் தப்பாகப் புரியவைக்கும். கற்பிக்கும் முறைகளைப் பொதுவாகப் படித்தாலும் இது வராது, பாடத்தில் புலியாக இருந்தாலும் வராது. அந்தப் பாடத்தை நாலு தடவை எடுத்து அடிபட்டால்தான் வரும். அட்டைப்பெட்டி இந்த வகை. பல்கலைக்கழகத்தில் அதிகம் வீணாவதும் இந்த அறிவுதான்.

இதோடு நிர்வாக நடைமுறை அறிவு ஒன்றும் இருக்கிறது. ஆய்வுத் திட்ட விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்பினால் திரும்பி வராது, அங்கீகாரக் குழு வரும்போது எந்த ஆவணத்தைக் கேட்பார்கள், ஆய்வகக் கருவி பழுதானால் யாரைப் பிடிக்க வேண்டும், இந்த மாதிரி. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் ஆசிரியரின் வாரத்தைக் கடித்துத் தின்பது இதுதான். எழுதிவைத்தால் தீர்ந்துபோகிற வகை என்பதால் கோப்புறைக்கும் மென்பொருளுக்கும் முதல் பலன் இங்கேதான் கிடைக்கிறது. இதில் அதிகம் வாதாட ஒன்றுமில்லை.

வாதாட வேண்டியது கற்பித்தலில்தான். ஒரு முரணைப் பாருங்கள். ஆராய்ச்சி என்று வந்தால், உலகத்திலேயே மிகப் பழைய, மிகத் திறமையான அறிவு மேலாண்மை முறை பல்கலைக்கழகத்தாரிடம்தான் இருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665இல் வெளிவரத் தொடங்கியது. அன்றிலிருந்து கண்டதை எழுது, சகாக்களிடம் காட்டு, முன்னால் செய்தவரின் பெயரைச் சொல், அடுத்தவர் அதன்மேல் கட்டட்டும் என்ற ஏற்பாடு நடந்துவருகிறது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே ஏற்றி எல்லோருக்கும் படிக்கத் தரும் ஆர்க்கைவ் தளத்தை 1991இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய பிறகு, ஒரு கட்டுரை அச்சாகும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே மனிதர் ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்குப் போகிறார். அங்கே மூன்றரை நூற்றாண்டுப் பழக்கம் அத்தனையும் வாசலோடு நின்றுவிடுகிறது. பக்கத்து அறையில் அதே பாடத்தை எடுப்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. போன வருடம் எடுத்தவர் எங்கே தோற்றார் என்பதும் தெரியாது. ஆராய்ச்சிதான் தனிமையான வேலை, கற்பித்தல் பலரோடு கலந்து செய்யும் வேலை என்று தான் எதிர்பார்த்து வந்ததாகவும், நடைமுறையில் நேர்மாறாக இருந்ததாகவும் ஷுல்மன் 1993இல் எழுதினார். கற்பித்தலைத் தனிச்சொத்தாக வைத்திருக்காமல் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

பொதுச்சொத்தாக்கினால் செயல்திறன் உயருமா? இயற்பியல் ஆசிரியர்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டெனஸும் ஒன்றைக் கவனித்தார்கள். முதலாண்டு இயற்பியலில் தேறிய மாணவர்கள் விசை, இயக்கம் பற்றி, வகுப்புக்கு வருவதற்கு முன் என்ன நினைத்தார்களோ அதையேதான் தேறிய பிறகும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போடுவார்கள். ஆனால் கனமான லாரி சின்னக் காரில் மோதும்போது லாரிதான் அதிக விசை கொடுக்கிறது என்பார்கள். இதை அளக்க ஒரு தேர்வைச் செய்து 1985இல் வெளியிட்டார்கள். அது மெருகேறி 1992இல் விசைக் கருத்துத் தேர்வாக வந்தது. சூத்திரம் தேவையே இல்லாத, பலவுள் தெரிவுக் கேள்விகள். தப்பான விடைகள் ஏனோதானோ என்று போட்டவை இல்லை, மாணவர்கள் உண்மையிலேயே நினைப்பவை.

கொஞ்சம் யோசித்தால் அந்தத் தப்பு விடைகள்தான் அங்கே புதையல். அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தம் மண்டைக்குள் வைத்திருந்த "பசங்க இந்த இடத்துல இப்படித்தான் நினைப்பாங்க" என்ற அறிவு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகக்கூடிய காகிதமாகிவிட்டது.

ஹார்வர்டில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்த எரிக் மஸூர் அவர்களுடைய ஆய்வைப் படித்தார். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்துவந்தார்கள். கடினமான கணக்குகளையும் போட்டார்கள். தன் மாணவர்களுக்கு அந்தச் சிக்கல் இருக்காது என்ற நம்பிக்கையோடு தேர்வை வைத்திருக்கிறார். நடுவில் ஒரு மாணவி, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதணுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதணுமா என்று கேட்டாராம். முடிவு மோசமாக வந்தது. 1991இலிருந்து அவர் பாணியை மாற்றினார். கொஞ்சம் விளக்கம், பிறகு கருத்துக் கேள்வி ஒன்று. மாணவர்கள் தனித்தனியாக விடை தேர்ந்தெடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவார்கள், மறுபடி தேர்ந்தெடுப்பார்கள். மாற்றிய முதல் வருடத்திலேயே விசைக் கருத்துத் தேர்வில் மாணவர்களின் முன்னேற்றம் ஏறத்தாழ இரட்டிப்பானது. அவருடைய பாட அறிவு ஒரே வருடத்தில் இரண்டு மடங்காகிவிடவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் இருவர் கற்றது அவரிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அவரும் சும்மா இருக்கவில்லை. தன் கேள்விகளையும், எந்த மாதிரிக் கேள்விக்கு விவாதம் சூடுபிடிக்கிறது, எதற்கு நமத்துப்போகிறது என்ற அனுபவத்தையும் எழுதி வெளியிட்டார். எல்லோரும் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டால் வாதாட ஒன்றுமில்லை, யாருக்குமே தெரியாவிட்டால் வாதாட ஆளில்லை. பெட்டிக்குள் முரட்டு எண் வைக்கச் சொன்ன மாதிரியான குறிப்புதான் இதுவும்.

1998இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் இந்த வகைத் தேர்வு வைத்த 62 பாடவகுப்புகள், 6,542 மாணவர்கள் என்று தரவுகளைத் திரட்டி வெளியிட்டார். பாடம் தொடங்கும்போது மாணவர் இருந்த இடத்திலிருந்து முழு மதிப்பெண் வரை எவ்வளவு தூரம் பாக்கியோ, அதில் எவ்வளவு கடந்தார் என்பதே அவருடைய அளவு. வழக்கமான விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்களை ஈடுபடுத்தும் வகுப்புகளில் 0.48. அதாவது 40 மதிப்பெண்ணில் தொடங்கிய வகுப்பு, விரிவுரை மட்டும் கேட்டால் 54 அளவுக்குப் போகும், மற்ற வழியில் 69ஐ நெருங்கும். இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இல்லை என்பதையும், நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்களே ஆர்வமாகத் தரவு அனுப்பியிருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் இடைவெளி பெரியதுதான்.

இங்கே உயர்ந்த செயல்திறனுக்குக் காரணம் ஒரு மென்பொருளா? இல்லை. பொதுவான ஓர் அளவுகோல், பொதுவான கேள்விக் குவியல், அதைப் பயன்படுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று பேசிக்கொண்ட ஒரு கூட்டம். அளவுகோல் இல்லாதிருந்தால் மஸூர் தன் நல்ல மதிப்பீடுகளோடு நிம்மதியாக இருந்திருப்பார்.

அந்த மதிப்பீடு விஷயம் உங்கள் ஆய்வின் அடிமடியிலேயே கைவைக்கும். செயல்திறன் என்று எதைச் சொல்லப்போகிறீர்கள்? மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துக்கொள்வது பலரின் வழக்கம். நல்ல மதிப்பீடு பெறும் ஆசிரியரின் மாணவர்கள் அதிகம் கற்கிறார்கள் என்று பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 1981இல் பீட்டர் கோஹன் செய்த தொகுப்பாய்வு சொன்னது. பல வருடம் அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 2017இல் பாப் உட்லும் அவருடைய சகாக்களும் அதே வகை ஆய்வுகளைத் திரும்ப அலசியபோது அந்த உறவு கரைந்துபோனது. சிறிய வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வுகள் கணக்கை ஏற்றிக் காட்டியிருந்தன. சரி, வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையை எடுக்கலாமா என்றால், ஹாட்டியும் மார்ஷும் 1996இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆராய்ச்சித் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகிற அளவு, 0.06தான் (முழுக்கச் சேர்ந்தே போனால் 1). பூச்சியம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்று உயர்ந்தால் மற்றதும் உயரும் என்று நம்ப வழியில்லை. ஆகவே "செயல்திறன்" என்று ஒரே பெட்டி வரைந்து எல்லாவற்றையும் அதற்குள் திணிக்காதீர்கள். அறிவு மேலாண்மை கற்பித்தலைத் தொடும் விதம் வேறு, ஆராய்ச்சியைத் தொடும் விதம் வேறு, நிர்வாக வேலையைத் தொடும் விதம் வேறு.

ஆராய்ச்சியில் அது அதிகம் உதவுவது வெளியே தெரியாத இடங்களில். ஆராய்ச்சிக்கு ஆய்விதழ் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது என்றேனே, அதில் ஏறாதவை சில உண்டு. ஒத்துவராத சோதனைகள், நிராகரிக்கப்பட்ட நிதி விண்ணப்பங்கள், ஒரு கருவியின் கிறுக்குத்தனங்கள். தோற்றுப்போன சோதனையைத் துறைக்குள்ளாவது குறித்துவைக்கும் ஆய்வகத்தில் அடுத்த மாணவரின் ஆறு மாதம் மிச்சமாகும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது நேரம். ஒரு பாடத்தை முதல்முறை எடுக்கும் ஆசிரியர் ஒரு மணி நேர வகுப்புக்குப் பல மணி நேரம் தயாரிக்கிறார். அதில் பெரும்பகுதி, முன்னால் எடுத்தவர் ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்வது. அந்த நேரம் மிச்சமானால் விடைத்தாளில் இரண்டு வரி கூடுதலாக எழுதித்தரலாம், ஆய்வு மாணவரின் அத்தியாயத்தை ஒழுங்காகப் படிக்கலாம். அறிவு மேலாண்மையின் விளைவு பெரும்பாலும் இப்படிச் சுற்றுவழியாகத்தான் வருகிறது. நேரடி அம்புக்குறி தேடுகிறவர்கள் கண்ணுக்கு அது படுவதில்லை.

இனி, எங்கே கெட்டுப்போகிறது என்று பார்க்கலாம். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய ஏற்பாடுகள் ஏன் படுத்துவிடுகின்றன?

எளிய காரணம், பதிவேற்றம் என்பது கடமையாகிவிடுவது. ஒவ்வொருவரும் செமஸ்டருக்கு இத்தனை கோப்பு ஏற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். கடைசித் தேதிக்கு முந்தின இரவு எல்லோரும் ஏற்றுவார்கள். "பாடம்_இறுதி", "பாடம்_இறுதி_புதியது" என்று பெயர்கள் இருக்கும். அதில் எது நிஜமாகவே இறுதி என்று ஏற்றியவருக்கே தெரியாது. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அறிக்கையில் மட்டும் எண்ணிக்கை அழகாக ஏறும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியை அந்தக் குவியலின்மேல் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எழுதப்பட்டதை அது தேடித் தரும், சந்தேகமில்லை. "செயல்பாடு – 20 நிமிடம்" என்பதையும் தேடித் தரும். பெட்டி பீரோ மேல் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஆழமான காரணம், பகிர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி. அதைக் கேட்பது தப்பில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணுகிறார்கள், நிதி எண்ணுகிறார்கள். பக்கத்து ஆசிரியர் உன் குறிப்பால் நன்றாக எடுத்தார் என்பதை யாரும் எண்ணுவதில்லை. ஒப்பந்தத்தில் இருப்பவரின் நிலைமை இன்னும் கஷ்டம். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருப்பதுதான் அவருடைய வேலைக்குக் காப்பு. அதையும் எழுதிக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்? காதரின் கானெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் அறிவை மறைக்கும் விதங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: தெரியாத மாதிரி நடிப்பது, அப்புறம் தருகிறேன் என்று இழுத்தடிப்பது அல்லது அரைகுறையாகக் கொடுப்பது, தர முடியாததற்கு ஒரு நியாயம் சொல்வது. துறைக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு மூன்றுக்கும் முகங்கள் நினைவுக்கு வரும். என் முகமும் யாருக்காவது வரலாம்.

இதற்கு வெளியிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களை 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் கூடவே இருந்து கவனித்தார். கையேட்டைவிட, ஓய்வு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில்தான் அவர்கள் வேலை கற்றார்கள். பிறகு அந்தக் குறிப்புகளைத் திரட்ட யுரேகா என்று ஒரு தரவுத்தளம் வந்தது. ஒருவர் அனுப்பும் குறிப்பை அதே வேலை தெரிந்த சகாக்கள் சரிபார்ப்பார்கள். தேறினால் அனுப்பியவர் பெயரோடு வெளியாகும். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, பெயர் இருந்தால் போதும் என்பதே பழுதுபார்ப்பவர்களின் நிலைப்பாடாக இருந்தது. பணம் கொடுத்தால் தரத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைத் துரத்துவார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

பெயர் சேர்வது, தெரிந்தவர் சரிபார்ப்பது, வேலைக்கு உதவுவது. ஆய்விதழ் நடப்பதும் இதே மூன்று காலில்தான். அதனால் பல்கலைக்கழக ஆசிரியருக்கு இது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கமே இல்லை. ஏற்கெனவே இருக்கும் பழக்கத்துக்கு வகுப்பறையின் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஹான்சன், நோரியா, டியர்னி மூவரும் 1999இல் ஆலோசனை நிறுவனங்களை ஆராய்ந்து, எழுதிச் சேமிக்கும் வழி, ஆளையும் ஆளையும் இணைக்கும் வழி என்று இரண்டைச் சொன்னார்கள். இரண்டையும் சரிபாதியாகச் செய்யாதே, ஒன்றை முக்கியமாகவும் மற்றதைத் துணையாகவும் வை, 80க்கு 20 என்றார்கள். நிர்வாக நடைமுறைக்கு எழுதிச் சேமிப்பது முக்கியம். கற்பித்தலுக்கு நான் தலைகீழாக வைப்பேன். ஆளையும் ஆளையும் உட்காரவைப்பதுதான் முதல் வேலை, எழுத்து அதன் துணைக்கு.

நான் பார்த்து வேலைக்கு ஆனது ஒன்றே ஒன்று. பாடம் கைமாறும்போது இரண்டு பக்கக் கைமாற்றுக் குறிப்பு, அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பாடத்திட்டம் அந்தக் குறிப்பில் வரக்கூடாது, அது ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. எந்த வாரத்தில் வகுப்பு தொய்யும், எந்தக் கேள்வியைத் தேர்வில் கேட்டால் சண்டை வரும், நான் செய்துபார்த்துக் கைவிட்டது என்ன, இன்னொரு தடவை எடுத்தால் எதை மாற்றுவேன், இவ்வளவுதான். தேர்வு முடிந்த வாரத்திலேயே எழுத வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் எல்லாம் நன்றாகவே போனதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். எழுதியவரின் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். அடுத்தவர் அதிலேயே தன் பத்தியைச் சேர்த்து எழுதுவார். நாலு கை மாறிய குறிப்பைப் படித்துப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு ஆய்வுக் கட்டுரை மாதிரியே இருக்கும். முந்தினவர் சொன்னதை ஒருவர் சோதித்து, இது என் வகுப்பில் நடக்கவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம் என்று எழுதியிருப்பார். இதற்கெல்லாம் துறைத்தலைவர் கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். விருப்பப்பட்டால் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டால் நடக்காது.

கடைசியாக உங்கள் ஆய்வு. இந்தத் தலைப்பில் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆசிரியர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். "எங்கள் துறையில் அறிவு பகிரப்படுகிறது" என்பதற்கும் "நான் என் பணியைச் சிறப்பாகச் செய்கிறேன்" என்பதற்கும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுவார். அன்று மனநிலை நன்றாக இருந்தால் இரண்டுமே உயரும். துறையின்மேல் கோபம் இருந்தால் இரண்டுமே இறங்கும். அதை மென்பொருளில் போட்டால் பளிச்சென்று ஒட்டுறவு வந்து நிற்கும். பகிர்ந்ததால் திறன் வந்ததா, திறமையானவர்கள் தயங்காமல் பகிர்கிறார்களா என்பதும் அதிலிருந்து தெரியாது. உங்கள் வழிகாட்டி இந்த வடிவத்தைத்தான் கேட்கிறார் என்றால் செய்யுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

பல வருடமாக நடக்கும் சில பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் மாறிய வருடங்களைக் குறியுங்கள். தேர்வில் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்தக் கேள்விகளில் மட்டும் மாணவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். கைமாறிய வருடத்தில் சரிவு இருக்கிறதா? முந்தைய ஆசிரியரோடு பேசிவிட்டுப் பாடத்தை ஏற்றவர்களிடம் அந்தச் சரிவு குறைவாக இருக்கிறதா? மாணவர் தரமும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அதே மாணவர்கள் மற்ற பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடம் போகும்போது ஐந்துக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள்: "போன செமஸ்டரில் உங்கள் பாடம் எடுப்பதில் சந்தேகம் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்?" வெளியில் போகாது என்று உறுதி சொல்லிப் பெயர்களை வாங்குங்கள். ஒரு துறைக்கு முப்பது பேர் என்றால், பதில்களில் அனேகமாக மூன்று நான்கு பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். சிலர் யாருடைய பெயரையும் எழுத மாட்டார்கள், அவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மூன்று நான்கு பேரில் யார் யார் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார்கள் என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள்.